வழிகாட்டியுடன் முதல் எல்க் வேட்டை: எங்கிருந்து தொடங்குவது?

ஓஹையோவில் நான்கு ஆண்டுகளாக வெள்ளைவால் மான் வேட்டைக்குச் சென்றுவரும் ஒருவர், மேற்கே ராக்கி மலைப்பகுதிக்குப் போய், வழிகாட்டி ஒருவரை அமர்த்திக்கொண்டு எல்க் எனப்படும் பெரிய மானை வேட்டையாட விரும்புகிறார். எந்த மாநிலத்துக்குப் போவது, எவ்வளவு செலவாகும், நம்பத்தக்க ஆளை எப்படிக் கண்டுபிடிப்பது, எச்-1பி விசாவில் இருப்பவருக்குத் தடை ஏதும் உண்டா, வரும் இலையுதிர் காலத்திலேயே போய்விட முடியுமா என்று கேட்டிருக்கிறார். நான் பதினெட்டு ஆண்டுகளாகக் கொலராடோவில் வசிக்கிறேன். இங்கும் வயோமிங்கிலும் பெரும்பாலான ஆண்டுகளில் எல்க் வேட்டைக்குப் போயிருக்கிறேன். அவற்றில் மூன்று பயணங்கள் வழிகாட்டியுடன் சென்றவை. அந்த அனுபவத்திலிருந்து எழுதுகிறேன்.

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். வரும் இலையுதிர் காலத்தில் போக முடியலாம். ஆனால் அது உங்கள் கையில் இல்லை, வழிகாட்டியின் கையிலும் இல்லை. அமெரிக்காவில் காட்டு விலங்குகள் நிலத்துக்குச் சொந்தக்காரருடைய உடைமை அல்ல. அந்தந்த மாநிலம் மக்கள் சார்பில் அவற்றைப் பேணுகிறது. எத்தனை விலங்குகளை, எந்தப் பகுதியில், எந்த வாரங்களில் சுடலாம் என்பதை மாநிலத்தின் வனவிலங்குத் துறைதான் முடிவு செய்து, அதற்கேற்ற எண்ணிக்கையில் உரிமம் தருகிறது. அந்த உரிமத்தைத்தான் இங்கே எல்லோரும் 'டேக்' என்கிறார்கள். வேட்டைப் பயணத்தை ஏற்பாடு செய்து தரும் அவுட்ஃபிட்டர் உங்களுக்குக் கூடாரம், குதிரை, சாப்பாடு, ஊரறிந்த ஓர் ஆள் ஆகியவற்றைத் தருவார். டேக் உங்கள் பெயரில் நீங்கள் பெறவேண்டியது. நில உரிமையாளர்கள் வழியாகச் சில மாநிலங்களில் டேக் கிடைப்பதுண்டு என்றாலும் அதன் விலை வேறு, அது முதல் பயணத்துக்கு உரிய வழியன்று என்பது என் கருத்து. ஆகவே விமானச் சீட்டு, துப்பாக்கி, காலணி எல்லாவற்றுக்கும் முன்னால் முடிவு செய்யவேண்டியது எந்த மாநிலத்தின் டேக்கிற்கு விண்ணப்பிப்பது என்பதைத்தான்.

வயோமிங்கில் வெளிமாநிலத்தவருக்கான எல்க் விண்ணப்பம் ஜனவரி தொடக்கத்தில் திறந்து பிப்ரவரி தொடக்கத்தில் மூடிவிடும். டேக் யாருக்கு என்று தீர்மானிக்கும் குலுக்கலின் முடிவு மே மாத வாக்கில்தான் தெரியும். அங்கே வெளிமாநிலத்தவருக்குப் புள்ளி முறை உண்டு. டேக் கிடைக்காத ஒவ்வோர் ஆண்டும் கட்டணம் கட்டி ஒரு புள்ளி சேர்த்துக்கொள்ளலாம். டேக்குகளில் நான்கில் மூன்று பங்கு புள்ளி அதிகம் உள்ளவர்களுக்குப் போகும். எஞ்சிய கால் பங்கு புள்ளியைப் பார்க்காமல் குலுக்கலில் போகும். இதிலேயே இரு வரிசைகள் உள்ளன. சாதாரண உரிமம் 692 டாலர். 'ஸ்பெஷல்' எனப்படும் உரிமம் 1,950 டாலர். இரண்டிலும் கிடைப்பது ஒரே டேக்தான். அதிக விலை என்பதால் இரண்டாவது வரிசையில் நிற்பவர்கள் குறைவு, அவ்வளவே. புள்ளி ஒன்றும் இல்லாத புதியவர் முதல் ஆண்டிலேயே வயோமிங் டேக் பெறுவது பேறுதான். சில ஆண்டுகள் புள்ளி சேர்த்துவிட்டுப் போவதாகத் திட்டமிடுவதே நடைமுறைக்கு ஒத்தது.

மொன்டானாவில் விண்ணப்பக் கடைசி நாள் ஏப்ரல் 1. கொலராடோவில் ஏப்ரல் மாத முதல் செவ்வாய்க்கிழமை. கொலராடோவில் குலுக்கல் இல்லாமல் நேரடியாக வாங்கக்கூடிய எல்க் உரிமங்கள் நெடுங்காலமாக இருந்துவந்தன. அவற்றில் மலைப்பகுதிக்கான வில்வேட்டை உரிமத்தை வெளிமாநிலத்தவர் நேரடியாக வாங்குவது 2025-இல் நின்றுவிட்டது. ரைஃபிள் பருவங்களுக்கான விதிகளையும் அந்தந்த ஆண்டின் விதிப்புத்தகத்தில் பார்த்துக்கொள்ள வேண்டும். நியூ மெக்சிகோவின் ஏற்பாடு இவை எல்லாவற்றிலிருந்தும் மாறுபட்டது. அங்கே புள்ளி முறையே கிடையாது. நேற்று வந்தவரும் இருபது ஆண்டுகளாக விண்ணப்பிப்பவரும் ஒரே நிலையில்தான் நிற்கிறார்கள். டேக்குகளில் 84 விழுக்காடு உள்ளூர்க்காரர்களுக்கு, 6 விழுக்காடு தாமாக வரும் வெளிமாநிலத்தவருக்கு, 10 விழுக்காடு அவுட்ஃபிட்டருடன் முன்கூட்டியே ஒப்பந்தம் செய்துகொண்டு விண்ணப்பிப்பவர்களுக்கு என்று பிரித்திருக்கிறார்கள். எப்படியும் வழிகாட்டியுடன்தான் போகப்போகிறீர்கள் என்பதால், புள்ளி இல்லாத உங்களுக்கு அந்தப் பத்து விழுக்காட்டு வரிசை பொருத்தமானது. நான் உங்கள் இடத்தில் இருந்தால் நியூ மெக்சிகோவுக்கு விண்ணப்பித்துக்கொண்டே வயோமிங்கில் புள்ளி சேர்ப்பேன்.

வயோமிங்கை ஏன் விடவேண்டாம் என்கிறேன் என்றால், வழிகாட்டி என்பது அங்கே வசதிக்காக மட்டுமன்று. மத்திய அரசு 'வில்டர்னஸ்' என்று அறிவித்த காட்டுப் பகுதிகளில் வெளிமாநிலத்தவர் பெருவிலங்கு வேட்டையாட வேண்டுமானால், உரிமம் பெற்ற வழிகாட்டியோ, அதற்கென அனுமதி பெற்ற உள்ளூர்வாசியோ உடன் இருக்கவேண்டும் என்பது அந்த மாநிலச் சட்டம். டீட்டன், பிரிட்ஜர், வாஷக்கி போன்ற பெரும் காடுகள் இந்தச் சட்டத்துக்குள் வருகின்றன. யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவுக்குத் தெற்கே உள்ள தோரோஃபேர் பள்ளத்தாக்குக்குப் போவதென்றால் சாலையிலிருந்து இருபது மைலுக்கும் மேல் குதிரையில் போகவேண்டும். குதிரை ஏறியே பழக்கமில்லாதவர் ஆறேழு மணி நேரம் சேணத்தில் உட்கார்ந்துவிட்டு இறங்கும்போது முட்டி மடங்காது. மறுநாள் காலை மூன்றரை மணிக்கு மீண்டும் ஏறவேண்டும். அப்படிப்பட்ட முகாமைத் தேர்ந்தெடுத்தால், போவதற்கு முன் ஊரிலேயே பத்துப் பன்னிரண்டு முறையாவது குதிரையேற்றம் பழகிக்கொள்ளுங்கள்.

விசாவைப் பற்றி. குடியேறாத விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதை மத்தியச் சட்டம் பொதுவாகத் தடுக்கிறது. அமெரிக்க மாநிலம் ஏதேனும் ஒன்று முறைப்படி வழங்கிய வேட்டை உரிமம் வைத்திருப்பவர்களுக்கு அதில் விலக்கு உண்டு. நான்கு ஆண்டுகளாக நீங்கள் வேட்டையாடிவருவது இந்த விலக்கின்கீழ்தான். இதில் பலர் கவனிக்கத் தவறுவது காலாவதியை. உரிமம் முடிந்த நாளிலிருந்து புதுப்பிக்கும் நாள்வரை அலமாரியில் இருக்கும் துப்பாக்கியே சிக்கலாகிவிடும். ஓஹையோ உரிமத்தை ஒருநாள்கூட விடுபடாமல் புதுப்பித்துவாருங்கள். நகலை எப்போதும் உடன் வைத்திருங்கள். உங்கள் நிலை குறித்து ஐயம் இருந்தால் குடியேற்றச் சட்ட வழக்கறிஞர் ஒருவரிடம் ஒருமுறை கேட்டுவிடுவது நல்லது. வேட்டைப் பயிற்சிச் சான்றிதழும் வேண்டும். வயோமிங்கில் 1966 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பின்னரோ பிறந்தவர்களுக்கு அது கட்டாயம். ஓஹையோவில் பெற்ற சான்றிதழ் செல்லும்.

இனி ஆளைத் தேடுவது. அவுட்ஃபிட்டர் என்பவர் தொழிலை நடத்துபவர். வழிகாட்டி என்பவர் அவரிடம் வேலை செய்து உங்களுடன் மலை ஏறுபவர். தொலைபேசியில் இனிமையாகப் பேசுபவர் முதலாமவர். ஏழு நாள் உங்களுடன் இருப்பவர் இரண்டாமவர். ஆகவே என்னுடன் வரப்போவது யார், அவர் இதே மலையில் எத்தனை பருவம் வேலை செய்திருக்கிறார் என்று கேளுங்கள். வயோமிங், மொன்டானா, ஐடஹோ ஆகியவற்றில் இத்தொழிலுக்கு உரிமம் வழங்கவே தனி வாரியங்கள் உள்ளன. கொலராடோவிலும் மாநிலப் பதிவு கட்டாயம். பெயரைக் கொடுத்தால் உரிமம் நடப்பில் உள்ளதா, ஒழுங்கு நடவடிக்கை ஏதும் உண்டா என்று சொல்லிவிடுவார்கள். அதோடு நிற்காதீர்கள். தேசிய வனத்தில் தொழில் நடத்த வனத்துறையின் தனி அனுமதியும் வேண்டும். நீங்கள் போகவிருக்கும் பகுதியின் வனச்சரக அலுவலகத்துக்குத் தொலைபேசியில் அழைத்து, இன்னாருக்கு இந்தப் பகுதியில் அனுமதி உண்டா என்று கேட்டால் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

முன்பு வந்து சென்றவர்களின் தொடர்பு எண்களை எல்லா அவுட்ஃபிட்டரும் தருவார்கள். பெரிய கொம்புடன் படம் எடுத்துக்கொண்டவர்களின் எண்களைத்தான் அவர்களே முன்வந்து தருவார்கள். சென்ற ஆண்டு வெறுங்கையோடு திரும்பிய இருவரின் எண்களைக் கேளுங்கள். வெறுங்கையோடு திரும்பியவர் 'அடுத்த முறையும் அங்கேதான் போவேன்' என்று சொன்னால் அந்த முகாம் நல்ல முகாம். வெற்றி விழுக்காட்டைக் கேட்கும்போது, சுட வாய்ப்புக் கிடைத்தவர் எத்தனை பேர், உண்மையில் விலங்கைப் பெற்றவர் எத்தனை பேர் என்று இரண்டாகப் பிரித்துக் கேளுங்கள். முன்னது பெரிதாகவும் பின்னது சிறிதாகவும் இருந்தால் மலையில் எல்க் இருக்கிறது, வருபவர்களுக்குச் சுடத் தெரியவில்லை என்று பொருள். நூற்றுக்கு நூறு உறுதி என்று எவரேனும் சொன்னால் அது வேலியிட்ட தனியார் பண்ணையாக இருக்கும். அதை வேட்டை என்று நான் எண்ணவில்லை. காசு கொடுத்து அங்கே போகவேண்டாம் என்றுதான் சொல்வேன்.

ஒரு வழிகாட்டிக்கு ஒருவரா இருவரா என்பதையும் கேளுங்கள். ஒருவருக்கு ஒருவர் என்றால் விலை கூடும். முதல் பயணத்துக்கு அந்தக் கூடுதல் விலை தகும். வழிகாட்டியுடன் ஐந்து முதல் ஏழு நாள் எல்க் வேட்டைக்கு ஏழாயிரம் முதல் பத்தாயிரம் டாலர் வரை கேட்பது வழக்கம். நல்ல தனியார் நிலம் என்றால் அதற்கு மேலும் போகும். பெண் எல்க் வேட்டைக்கு இதில் பாதிக்கும் குறைவாகவே கேட்பவர்கள் உண்டு. உரிமக் கட்டணம் இதில் சேராது. வழிகாட்டிக்குப் பத்து முதல் பதினைந்து விழுக்காடு அன்பளிப்பு தருவது வழக்கம். சமையற்காரரையும் குதிரை பார்ப்பவரையும் மறந்துவிடக்கூடாது, அவர்கள் உங்களுக்கு முன்னால் எழுந்து உங்களுக்குப் பின்னால் படுப்பவர்கள். கறி வெட்டிப் பொட்டலமிடவும் தனியே சில நூறு டாலர் ஆகும். முன்பணம் பாதி வரை கேட்பார்கள். குலுக்கலில் டேக் கிடைக்காவிட்டால் முன்பணம் திரும்பக் கிடைக்குமா, அடுத்த ஆண்டுக்கு மாற்றப்படுமா என்பதை எழுத்தில் வாங்காமல் பணம் அனுப்பாதீர்கள்.

அடுத்துச் சொல்லப்போவதுதான் இந்தப் பதிலில் எனக்கு முக்கியமானது. ஓஹையோவில் மான் வேட்டைக்கு ரைஃபிள் என்றால், கூடு கழுத்தில் குறுகாமல் நேராக இருக்கும் தோட்டா போடுவதற்கு மட்டுமே அனுமதி. மரத்தில் கட்டிய இருக்கையில் உட்கார்ந்து அறுபது எழுபது கெஜத்தில் சுட்டிருப்பீர்கள். மேற்கில் இருநூறு கெஜம் என்பது நல்ல வாய்ப்பு, முந்நூறு என்பது சாதாரணம். அதுவும் உட்கார்ந்து காத்திருந்து சுடுவதில்லை. மூவாயிரம் மீட்டர் உயரத்தில் சரிவில் ஏறி, இதயம் காதுக்குள் அடித்துக்கொண்டிருக்கும்போது, முதுகுப்பையைத் தரையில் போட்டு அதன்மேல் ரைஃபிளை வைத்துச் சுடுவது. நான் வழிகாட்டியுடன் போன முதல் பயணத்தின் நான்காம் நாள், ஆஸ்பென் மரங்களின் ஓரமாக ஓர் ஆண் எல்க் குறுக்காக நின்றது. முந்நூற்று முப்பது கெஜம். சுடுதளத்தில் மேசைமேல் ரைஃபிளை வைத்து அந்தத் தூரத்தில் நான் நன்றாகவே சுட்டிருந்தேன். மலையில் மூச்சு அடங்கும்வரை நான் காத்திருக்கவில்லை. குண்டு நுரையீரலுக்குப் பின்னால், வயிற்றுப் பக்கம் பட்டது. இருட்டும்வரை இரத்தத் துளிகளைப் பின்தொடர்ந்தோம். மறுநாள் விடியலிலிருந்து நண்பகல்வரை அந்த வழிகாட்டி ஒவ்வோர் இலையாகக் குனிந்து பார்த்துக்கொண்டு நடந்தார். ஓர் ஓடைக்கரையில் தடம் முடிந்துவிட்டது. அவர் என்னை ஒரு சொல்லும் சொல்லவில்லை. அந்த விலங்கு எங்கோ புதருக்குள் எத்தனை மணி நேரம் துன்புற்றுச் செத்தது என்ற எண்ணம் இன்றுவரை என்னை விட்டுப் போகவில்லை. இரத்தம் சிந்தவைத்தால் உங்கள் வேட்டை முடிந்தது என்பது பல முகாம்களில் விதி. அது நியாயமான விதி.

ஆகவே மே மாதம் தொடங்கி வாரந்தோறும் பயிற்சி செய்யுங்கள். துப்பாக்கி எது என்பதில் அதிகம் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம்; .30-06 ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக எல்க்கை வீழ்த்திவருகிறது, .308, 7 எம்.எம். ரெமிங்டன் மேக்னம் ஆகியவையும் போதும். தோளில் பலமாக உதைக்கும் பெரிய துப்பாக்கியை வாங்கி, அந்த உதைக்குப் பயந்து கண்ணை மூடிக்கொண்டு சுடுவதைவிட, நடுத்தரத் துப்பாக்கியால் அமைதியாகச் சுடுவது நல்லது. நூறு கெஜத்தில் ஸ்கோப்பைச் சரிசெய்தபின் மேசையை விட்டு எழுந்துவிடுங்கள். சம்மணமிட்டு, மண்டியிட்டு, பையின்மேல் படுத்து, கவைக்கோலில் தாங்கிச் சுட்டுப் பழகுங்கள். ஐம்பது மீட்டர் ஓடிவந்து, மூச்சு வாங்கும்போதே குறிவைத்துப் பாருங்கள். ஒரு சாப்பாட்டுத் தட்டின் அளவுக்குள் பத்துக்கு ஒன்பது குண்டு எந்தத் தூரம்வரை விழுகிறதோ அதுவே உங்கள் எல்லை. அந்த எண்ணை வழிகாட்டியிடம் முதல்நாள் இரவே சொல்லிவிடுங்கள். கேட்டவுடன் அவர் உங்களை மதிப்பார், அந்த எல்லைக்குள் கொண்டுசேர்க்கவே முயல்வார்.

உடலைப் பொறுத்தவரை ஓஹையோவில் மலை இல்லை என்று கவலைப்பட வேண்டாம். பத்துப் பன்னிரண்டு கிலோ பையைச் சுமந்துகொண்டு படிக்கட்டு ஏறி இறங்குங்கள். இறங்குவதில்தான் தொடை நடுங்கும், அதையும் பழகவேண்டும். வேட்டை தொடங்குவதற்கு இரண்டு நாள் முன்னதாகவே மலையடி ஊர் ஒன்றில் வந்து தங்கித் தண்ணீர் நிறையக் குடியுங்கள். தலைவலியும் குமட்டலும் வந்தால் மறைக்காமல் வழிகாட்டியிடம் சொல்லுங்கள். உயரத்தால் வரும் நோயைப் பொறுத்துக்கொள்வது வீரமன்று. உடைகளுக்கான பட்டியலை அவுட்ஃபிட்டரே அனுப்புவார். காலணியை மட்டும் கோடையிலேயே வாங்கி நூறு மைலாவது நடந்துவிடுங்கள். ஆரஞ்சு உடை பற்றிய விதி மாநிலத்துக்கு மாநிலம் மாறும். கொலராடோவில் ரைஃபிள் பருவத்தில் இடுப்புக்கு மேல், தலையில் போடும் தொப்பியையும் சேர்த்து, 500 சதுர அங்குலமாவது பளீரென்ற ஆரஞ்சிலோ பிங்க்கிலோ இருக்கவேண்டும். நல்ல பைனாகுலருக்குச் செலவழிப்பது வீண்போகாது. பகலில் பாதி நேரம் அதன் வழியாகத்தான் மலையைப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள்.

விலங்கு விழுந்தபின் நடப்பதை யாரும் முன்கூட்டி நினைப்பதில்லை. முதலில் டேக்கை விதிப்படி நாள் குறித்து இணைக்கவேண்டும். அதற்குப் பிறகுதான் கத்தியை எடுக்கவேண்டும். வளர்ந்த ஆண் எல்க் முந்நூறு கிலோ இருக்கும்; எலும்பு நீக்கிய கறி மட்டும் நூறு கிலோ அளவுக்கு வரும். வழிகாட்டிகள் வயிற்றைத் திறக்காமலே முதுகுத்தோலை உரித்து, நான்கு கால்களையும் முதுகுக்கறியையும் தனித்தனியே கழற்றிவிடுவார்கள். நவம்பர்க் குளிரில் தோல் பிரியப் பிரியக் கறியிலிருந்து ஆவி எழும். விரல் மரத்துப்போகும்போது அந்தத் தொடைக்கறியின்மேல் உள்ளங்கையை வைத்துச் சூடேற்றிக்கொண்டு மீண்டும் கத்தியை எடுப்போம். துணிப்பையில் போட்டு நிழலில் தொங்கவிட்டுக் கறியை ஆறவைப்பதுதான் முதல் கடமை. உண்ணத்தக்க கறியை விட்டுவிட்டுக் கொம்பை மட்டும் எடுத்துப்போவது குற்றம். விலங்கு ஆணா பெண்ணா என்று அறியும் அடையாளத்தை ஒரு துண்டிலாவது பிரிக்காமல் விடவேண்டும் என்ற விதியும் உண்டு. யெல்லோஸ்டோனைச் சுற்றிய காடுகளில் கிரிஸ்லி கரடி உண்டு. கறி வெட்டும்போது ஒருவர் நிமிர்ந்து சுற்றிலும் பார்த்துக்கொண்டிருக்க, கரடி விரட்டும் ஸ்ப்ரே கைக்கு எட்டும் இடத்தில் இருக்கவேண்டும்.

மான் இனங்களைத் தாக்கும் 'கிரானிக் வேஸ்டிங்' என்ற மூளைநோய் 1960-களின் பிற்பகுதியில் கொலராடோவில் முதலில் கண்டறியப்பட்டு, இன்று பல மாநிலங்களில் பரவியிருக்கிறது. மனிதருக்குத் தொற்றியதாக உறுதிப்படவில்லை என்றாலும், நோய் உறுதியான விலங்கின் கறியை உண்ணவேண்டாம் என்பது மருத்துவத் துறையின் அறிவுரை. தொண்டைப்பகுதி நிணநீர்க் கட்டியை எடுத்துச் சோதனைக்குக் கொடுத்து, முடிவு வரும்வரை கறியை உறையவைத்துக் காத்திருங்கள். மூளையும் முதுகுத்தண்டும் சேர்ந்த உடலை வெளிமாநிலத்திலிருந்து ஓஹையோவுக்குள் கொண்டுவர முடியாது; எலும்பு நீக்கிய கறி, கொம்போடு சேர்ந்த சுத்தம் செய்த மண்டைத்தகடு போன்றவற்றைக் கொண்டுவரலாம்.

ஊரில் இருக்கும் பெற்றோர் இதைக் கேட்டு வருந்துவார்கள் என்பதையும் எழுதியிருக்கிறீர்கள். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு இந்தியாவில் வேட்டை என்றால் குற்றம் என்றே இரண்டு தலைமுறை வளர்ந்திருக்கிறது. அந்த வருத்தம் இயல்பானது. அவர்களிடம் நான் சொல்வது இதுதான்: பத்தொன்பதாம் நூற்றாண்டின் வரம்பற்ற வேட்டையால் எல்க் ஏறக்குறைய அழிவின் விளிம்புக்கே வந்தது. பிறகு வரம்பு வைத்தார்கள். 1937-ஆம் ஆண்டின் பிட்மன்–ராபர்ட்சன் சட்டப்படி ரைஃபிளுக்கும் தோட்டாவுக்கும் வசூலிக்கும் 11 விழுக்காட்டு வரி மாநில வனவிலங்குத் துறைகளுக்குப் போகிறது. உரிமக் கட்டணமும் அப்படியே. இன்று வட அமெரிக்காவில் ஏறத்தாழ பத்து லட்சம் எல்க்குகள் இருக்கின்றன. நீங்கள் கட்டும் உரிமக் கட்டணத்தில் அவை மேயும் புல்வெளிக்கும் பங்கு உண்டு.

புறப்படுமுன் வீட்டில் பெரிய உறைபெட்டி ஒன்று வாங்கிவைத்துவிடுங்கள். எல்க் கறியில் கொழுப்பு மிகக் குறைவு. ஆட்டுக்கறியைப்போல் எல்லாத் துண்டையும் குக்கரில் ஏற்றினால் முதுகுக்கறி நார்நாராகிவிடும். அதைச் சூடான இரும்புச் சட்டியில் உப்பும் பொடித்த மிளகும் போட்டு, உள்ளே சிவப்பு மாறுமுன் எடுத்துவிடவேண்டும். கால்கறியும் கழுத்துக்கறியும்தான் நம் குழம்புக்கு உரியவை. அவற்றைச் சின்ன வெங்காயமும் மிளகும் சேர்த்து மூன்று மணி நேரம் சிறுதீயில் விடுங்கள்.